மொரிஷியஸில் ஸ்கூட்டர் எடுக்கச் சொல்லும் முன்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொரிஷியஸ் பயணக் கட்டுரையில், "நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்தால் தீவையே சுற்றிவிடலாம்" என்று ஒரு வரி. எழுதியவர் எந்த ஸ்கூட்டரில் சுற்றினாரோ! படங்கள் ஓட்டல் நீச்சல் குளத்தைத் தாண்டவில்லை.

என் மகள் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. தங்களுக்குத் தெரியாததா, அங்கே பல சாலைகளில் நடைபாதையே கிடையாது. கரும்புத் தோட்டம் தார் விளிம்புவரை வந்து நிற்கும், ஒட்டினாற்போல் ஆழமான வாய்க்கால். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஷமரேல் பக்கத்து இறக்கத்தில் மருமகனின் தம்பி ஸ்கூட்டரோடு அந்த வாய்க்காலில்தான் விழுந்தார். வாடகைக்கு விட்டவர் கொடுத்த ஹெல்மெட்டில் வார் மாட்டவே இல்லை. கேட்டதற்கு, "கிட்டத்தில்தானே போகிறீர்கள்" என்றாராம். தோள் எலும்பு முறிந்தது. அப்புறம்தான் இன்சூரன்ஸ் காகிதத்தைப் பிரித்துப் படித்தோம். வண்டிச் சேதத்தில் பெரும் பங்கு எங்கள் தலையில்.

சரி, பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். 2013 மே மாதம் அங்கே சொரேஸ் என்ற இடத்தில் பஸ் கவிழ்ந்து 10 பேர் இறந்தார்கள். அதற்காக பஸ்ஸே ஏறாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே ஏறுகிறவள்தான். 'கவலையற்ற சொர்க்கம்' என்று தலைப்பு வைப்பவர்களுக்கு இதெல்லாம் காதில் விழ வேண்டாமா?

தைப்பூசக் காவடி பார்க்கப் போகச் சொல்கிறது கட்டுரை. நல்ல யோசனை, அங்கே அது அரசு விடுமுறை. ஆனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம் என்பதை எந்தப் பத்தியில் தேடுவது? 2024 பொங்கலன்று பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. இதை அப்போதே தங்களுக்கு எழுதினேன். இடமில்லை போலும். கல்யாணப் பட்டுக்கு மட்டும் நான்கு பக்கம் கிடைத்திருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பயணக் கட்டுரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மொரிஷியஸுக்கு என்றால் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114, புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை, 3 அறிவித்துவிட்டால் வெளியே கிளம்பக் கூடாது. விளம்பரம் போக மீந்த இடத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருவையாறு