6 மில்லிமீட்டர் வித்தியாசம் பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: அன்றாடம் ஓட்டும் காருக்கு ஏற்றது என்று கூறி விற்கப்பட்ட ஏர் இன்டேக் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் ஏர் இன்டேக்கை, அதாவது என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயையும் ஃபில்டரையும், வாங்கி என் காரில் பொருத்தி ஏழு வாரங்கள் ஆகின்றன. இப்போது அது என் வீட்டுப் பரணில், வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. காரில் அதனுடனே வந்த பழைய கறுப்புப் பிளாஸ்டிக் காற்றுப்பெட்டியே மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

குதிரைத்திறன் கூடவில்லை என்று புகார் சொல்ல நான் வரவில்லை. வேலைக்குப் போய்வர ஓட்டுகிற கார் அது, பந்தயத்துக்குப் போவதில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜின் காற்றை உறிஞ்சும் அந்த உறுமலைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த ஓசையை அடக்குவதற்கென்றே அசல் குழாயில் ஓர் ஒத்ததிர்வு அறை இருக்கிறது என்பதும், உங்கள் குழாயில் அது கிடையாது என்பதும் தெரிந்துதான் வாங்கினேன். உறுமல் கிடைத்தது. முதல் வாரம் தேவையே இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு சுற்றினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் புகார் வேறு. வாங்கும் முன்பே உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன்: காற்றளவுச் சென்சார் உட்காரும் இடத்தில் குழாயின் உள்விட்டம் அசல் பாகத்தின் அளவேதானா? ஃபில்டர் போனட்டுக்குள் எங்கே நிற்கும், என்ஜின் சூடு அதை எட்டுமா? மறுநாளே பதில் வந்தது. “எல்லா அளவுகளும் அசலுக்கு நிகரானவை. இசியுவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) எந்த மாற்றமும் தேவையில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு முற்றிலும் ஏற்றது.” அந்த மூன்று வரிகளை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பதினோராம் நாள் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0171. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று பொருள். எங்கோ கசிவு இருக்கும் என்று நினைத்து எல்லாக் கிளாம்புகளையும் கழற்றி மாட்டினேன். மெக்கானிக் புகை செலுத்திப் பார்த்தார்; ஒரு மூட்டிலும் கசிவில்லை. குறியீட்டை அழித்தோம். நான்கு நாளில் விளக்கு திரும்பவும் எரிந்தது.

அதன் பிறகுதான் வெர்னியர் அளவியை எடுத்தேன். சென்சார் உட்காரும் இடத்தில் அசல் குழாயின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். உங்களுடையது 76.

ஆறு மில்லிமீட்டர்தானே என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் கேட்டார். விட்டத்தில் ஆறு, ஆனால் குழாயின் குறுக்குப் பரப்பில் அது ஏறத்தாழ 18 சதவீதம் அதிகம். அந்தச் சென்சாருக்குள் இருப்பது சூடேற்றப்பட்ட ஒரு நுண்ணிய கம்பி. கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும். அதைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்பதைக் கொண்டு காற்றின் நிறை கணக்கிடப்படுகிறது. கம்பியைத் தொடுவது மொத்தக் காற்றில் ஒரு சிறு பகுதிதான். மீதியை இசியு அசல் குழாயின் அகலத்தை வைத்து அனுமானிக்கிறது. குழாய் அகன்றால் அதே காற்று மெதுவாகப் போகும். சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கு அங்கேயே தவறிவிடுகிறது.

புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, இசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருந்ததால்தான் கார் ஓடியது. அப்படிக் கூட்டிய அளவை, அதாவது நீண்டகால எரிபொருள் திருத்தத்தை, ஸ்கேனர் 17 சதவீதம் என்று காட்டியது. பழைய பெட்டியை மாட்டியதும் அது சில நாளில் 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும் நேரத்தில் பல கார்களில் இசியு ஆக்சிஜன் சென்சாரின் உடனடித் திருத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. பெட்ரோல் குறைவதால் என்ஜினுக்கு அதிக ஆபத்தும் அந்த நேரத்தில்தான்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே 31 டிகிரி இருந்த ஒரு மாலை, நெரிசலில் நின்றபோது என்ஜினுக்குள் போன காற்று 62 டிகிரி. அசல் பெட்டியுடன் அதேபோன்ற மாலையில் 44. சூடு பத்து டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். வண்டி நகர்ந்ததும் வெப்பநிலை இறங்கியது, மறுக்கவில்லை. ஆனால் அன்றாடம் ஓட்டுகிறவனின் பாதி நேரம் நெரிசலில்தானே கழிகிறது? உங்கள் விளம்பரத்திலுள்ள திறன் வரைபடத்தின் பக்கத்திலேயே சோதனைக்கூடப் படமும் இருக்கிறது. போனட் திறந்திருக்கிறது, முன்னால் ஆளுயர விசிறி சுழல்கிறது. போனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போக முடியாது.

முதல் முறை புகார் செய்தபோது, தூசியைப் பிடிக்க ஃபில்டரில் தடவும் எண்ணெயை நான் அதிகமாகத் தடவியதால் சென்சார் அழுக்கடைந்திருக்கும் என்று எழுதினீர்கள். அப்படி நடப்பதுண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஃபில்டரை நான் ஒருமுறைகூடக் கழுவவில்லை. அதில் இருப்பது நீங்கள் தடவி அனுப்பிய எண்ணெய். நீங்கள் கொடுத்த எண்ணெய்ப் புட்டியின் முத்திரை இன்னும் உடைபடவில்லை, படம் இணைத்துள்ளேன்.

எனவே, பொருளின் விலையையும் நான் செலுத்திய அனுப்புகைக் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் செலவும் உங்களுடையதே. கூடவே, சென்சார் பகுதியின் உள்விட்டத்தை விற்பனை விவரத்தில் வெளிப்படையாக அச்சிடுங்கள். “இசியு மாற்றம் தேவையில்லை” என்ற வரியை நீக்குங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், உங்கள் மூன்று வரிப் பதிலையும் அளவெடுத்த படங்களையும் ஸ்கேனர் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்வேன்.

பெட்டியில் குழாய், ஃபில்டர், கிளாம்புகள், எண்ணெய்ப் புட்டி எல்லாம் அப்படியே உள்ளன. உங்கள் சின்னம் பொறித்த இரண்டு ஸ்டிக்கர்களில் ஒன்றை மட்டும் என் மகன் தன் சைக்கிளில் ஒட்டிவிட்டான். அதைத் திருப்பி அனுப்ப இயலாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்