சர்க்கரை நாளுக்கு வாழ்த்து அனுப்பின மாப்ளைக்கு

நாகப்பட்டினம்
நவம்பர் 25, ராத்திரி

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பசங்க எல்லாம் சௌக்கியமா. போன்லயே பேசிடலாம்னுதான் நெனச்சேன், ஆனா நீ போனை எடுத்தா எதிராளிய பேச விடமாட்ட, உங்க அப்பார்ட்மெண்ட் தண்ணி லாரி கதையே அரை மணி நேரம் ஓடும், அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

மொதல்ல ஒரு சண்டை. நவம்பர் 14 விடியக்காலம் 5.40க்கு எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்க. ஒரு ரோஜாப்பூ, பக்கத்துல ஆவி பறக்கற காபி, கீழ ஜிகினா எழுத்துல "இனிய உலக நீரிழிவு நாள் நல்வாழ்த்துகள்". எனக்கு பதினோரு வருஷமா சுகர், உனக்கு ஆறு வருஷமா சுகர், இதுல யாருக்கு யாருடா வாழ்த்து சொல்றது? வீட்டுல காட்டினேன், அவ சிரிச்சு முடிச்சுட்டு "அப்ப இன்னிக்கு காபில ரெண்டு ஸ்பூன் போடலாமான்னு உங்க ஃப்ரெண்டையே கேட்டு சொல்லுங்க"ன்னுட்டு போயிட்டா. ஜனவரி 30க்கும் இப்படித்தான் "தியாகிகள் தின வாழ்த்துகள்"னு ஒண்ணு அனுப்பின, அப்பவே கேக்கணும்னு இருந்தேன். ஒரு கிழவனை சுட்டுக் கொன்ன நாளு, காலைல 11 மணிக்கு சங்கு ஊதி ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கற நாளு, அதுக்கு என்ன வாழ்த்து.

உன்னை மட்டும் சொல்லி குத்தமில்ல, நானும் வருஷக்கணக்கா அதே வேலையத்தான் பாத்துட்டு இருக்கேன். எங்க ஸ்கூல்ல பிரேயர் நடக்கற இடத்துல ஒரு கரும்பலகை, "இன்றைய சிறப்பு"ன்னு தலைப்பு, கையெழுத்து நல்லா இருக்குன்னு சொல்லி ஹெச்.எம். அதை என் தலையில கட்டினாங்க. ஒரு டைரி வெச்சிருக்கேன், அதைப் பாத்து நாளோட பேரை எழுதிட்டு போயிடுவேன். ஓசோன் நாள், வாக்காளர் நாள், கல்வி வளர்ச்சி நாள், சமூக நீதி நாள், ஒண்ணு ஒண்ணுக்கும் ஒரு சுற்றறிக்கை, ஒரு உறுதிமொழி, கைய நீட்டிக்கிட்டு பசங்க நிக்கற மாதிரி ஒரு போட்டோ, அதை குரூப்புல போட்டா முடிஞ்சது. ஏன் இந்தத் தேதின்னு ஒரு பையனும் கேட்டதில்ல, நானும் யோசிச்சதில்ல, இந்த நவம்பர் வரைக்கும்.

உன் மெசேஜைப் பாத்த கோவத்துலதான் அன்னிக்கு தேடிப் படிச்சேன். நவம்பர் 14ன்னா நமக்கு நேருதானே, காலைல பசங்களுக்கு மிட்டாய் குடுத்தோம், மத்தியானம் ஆரம்ப சுகாதார நிலையத்துலேர்ந்து வந்து இனிப்பைக் குறைக்கணும்னு பேசினாங்க, பசங்க வாயில மிட்டாயை ஒதுக்கி வெச்சுக்கிட்டு தலையாட்டினாங்க. அந்தத் தேதி யாருதுன்னு பாத்தா ஃப்ரெடெரிக் பேன்டிங்னு ஒரு கனடாக்காரர், 1891ல அவர் பொறந்த நாள். 1921ல டொரன்டோவுல பெஸ்ட்னு ஒரு ஸ்டூடண்ட்டைக் கூட வெச்சுக்கிட்டு நாய்ங்களோட கணையத்துலேர்ந்து சாறு எடுத்து பாத்திருக்காரு, அதான் இன்சுலின். அதுக்கு முன்னாடி எல்லாம் சின்ன வயசுல சுகர் வந்தா பட்டினி போட்டு கொஞ்ச நாள் ஓட்டுவாங்களாம், அவ்வளவுதான் வைத்தியம். 1922 ஜனவரில லெனார்ட் தாம்ப்சன்னு 14 வயசுப் பையனுக்கு மொத ஊசி, அது சரியா சுத்தம் பண்ணாததால உடம்புக்கு ஒத்துக்கல, அப்புறம் காலிப்னு ஒரு கெமிஸ்ட் அதை சுத்தப்படுத்திக் குடுத்து பன்னெண்டு நாள் கழிச்சு திரும்பப் போட்டப்ப பையனுக்கு சுகர் இறங்கிடுச்சு. அவன் இன்னும் பதிமூணு வருஷம் இருந்தான். பேன்டிங், பெஸ்ட், காலிப் மூணு பேரும் அந்த பேடன்ட்டை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ யுனிவர்சிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல முட்டைக்குப் பக்கத்துல ஒரு இன்சுலின் பென் வெச்சிருக்கியே, அது இதுலேர்ந்து வந்ததுதான். ஒரு டாலருக்கு வித்த சரக்குக்கு இன்னிக்கு மாசாமாசம் என்ன பில்லு வருதுன்னு உனக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் விட முடியல. டைரில இருக்கற ஒவ்வொரு தேதியையும் நோண்டிக்கிட்டே இருக்கேன், சீரியல் பாக்க விடமாட்டேங்கறேன்னு வீட்டுல திட்டு. இன்னிக்கு நவம்பர் 25, பெண்கள் மேல நடக்கற வன்முறைக்கு எதிரான நாள், டொமினிகன் குடியரசுல சர்வாதிகாரியை எதிர்த்த மிராபல் அக்கா தங்கச்சிங்க மூணு பேரை 1960ல இதே தேதியில அடிச்சே கொன்னுருக்காங்க, கொன்னுட்டு ஆக்சிடண்ட் மாதிரி வண்டியைப் பள்ளத்துல தள்ளி விட்டிருக்காங்க. இதுக்கும் "இனிய"ன்னு ஒரு ரோஜாப்பூ எனக்கு வந்துச்சு, நீ இல்ல, வேற ஒரு ஆளு.

ஜனவரி 25 எடுத்துக்க. 1950ல தேர்தல் ஆணையம் ஆரம்பிச்ச நாள்னு 2011லேர்ந்து அது வாக்காளர் நாள். நம்ம ஊர்ல அதே தேதி மொழிப்போர் தியாகிகள் நாள், கீழப்பழூர் சின்னசாமி 1964ல திருச்சி ஸ்டேஷன் கிட்ட தீக்குளிச்ச தேதி. நாம 96ல வேலை தேடி மெட்ராஸ் போனோமே, எழும்பூர்ல தாளமுத்து நடராசன் மாளிகை வாசல்ல டீ குடிச்சோமே, ஞாபகம் இருக்கா? நான் இத்தனை நாளா அது ஒரே ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தேன்டா. ரெண்டு பேரு. 1939ல இந்தி எதிர்ப்புல ஜெயிலுக்குப் போய் ஒருத்தருக்கு அடுத்து ஒருத்தரா செத்தவங்க, அதுல தாளமுத்து நம்ம கும்பகோணத்துக்காரரு. சமூக அறிவியல் வாத்தியாரு நானு, வெளில சொன்னா வெக்கம்.

பிப்ரவரி 21 தாய்மொழி நாளும் இதே மாதிரி ரத்தம்தான். 1952ல டாக்காவுல 144 போட்டிருந்தும் ஸ்டூடண்ட்ஸ் வெளில வந்தாங்க, உருது மட்டும் போதாது வங்காளமும் வேணும்னு, போலீஸ் சுட்டுடுச்சு. ரஃபீக், சலாம், பர்கத், ஜப்பார்னு அங்க சின்னப் பசங்களுக்குக் கூட பேர் தெரியுமாம். இதை உலகம் பூரா கொண்டாடணும்னு 1998ல ஐ.நா.வுக்கு லெட்டர் எழுதி ஆரம்பிச்சு வெச்சவங்க கனடாவுல இருந்த ரெண்டு வங்காளிங்க, அவங்க பேரு ரஃபீகுல் இஸ்லாம், அப்துஸ் சலாம். செத்தவங்கள்ல ரெண்டு பேரோட பேரு அப்படியே இவங்களுக்கும். அடுத்த வருஷமே யுனெஸ்கோ ஒத்துக்கிச்சு. இதை நம்ம தமிழய்யா கிட்ட சொன்னேன், அவர் "அப்ப லெட்டர் எழுதினா நடக்கும்ங்கற"ன்னாரு, அவருக்கு பென்ஷன் ஃபைல் நிக்கற கவலை.

தமிழ்நாடு நாள் விஷயத்துல பசங்க கிட்ட நான் பட்ட பாடு தனிக்கதை. 2019ல நவம்பர் 1ன்னு சொல்லிக் குடுத்தேன், மாநிலம் பிரிஞ்ச நாளு, 1956. 2021ல ஜூலை 18ன்னு மாத்தினாங்க, 1967ல பேர் மாத்தற தீர்மானம் சட்டமன்றத்துல நிறைவேறின நாளு. பேரு நடைமுறைக்கு வந்தது 1969 பொங்கலுக்கு. எது சார் கரெக்ட்டுன்னு பசங்க கேட்டா மூணும்னுதான் சொல்ல வேண்டியிருக்கு. எனக்குன்னு கேட்டா விருதுநகர் சங்கரலிங்கனாரைத்தான் சொல்லுவேன், அந்தப் பேரும் கேட்டு எழுபது நாளுக்கு மேல உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபர் 13ல போயிட்டாரு. மாநிலம் பிரியறதைப் பாக்கவே அவருக்கு மூணு வாரம் பத்தல.

சரி, நான் எழுத வந்தது இது எதுவும் இல்ல. நவம்பர் 5தான்.

அன்னிக்கு காலைல போர்டுல "உலக சுனாமி விழிப்புணர்வு நாள்"னு எழுதிட்டு கைல இருக்கற சாக்பீஸ் தூளைத் தட்டிக்கிட்டே திரும்பறேன், ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி நிக்கறா, அக்கரைப்பேட்டைப் பக்கம், அப்பா போட்டுக்குப் போறவரு. "சார், தப்பா எழுதிட்டீங்க. சுனாமி டிசம்பர் 26." அவ பொறந்தது 2013ல, சுனாமிய அவ பாத்ததே இல்ல, ஆனா வீட்டுல அத்தை போட்டோ மாட்டியிருக்கு, வருஷாவருஷம் அன்னிக்கு கடலுக்குப் போய் பால் ஊத்துவாங்க. ஐ.நா. சபை நவம்பர் 5ன்னு வெச்சிருக்கும்மான்னேன். "அவங்க ஊருக்கு அன்னிக்குத்தான் வந்துச்சா சார்?" என்கிட்ட பதில் இல்லடா.

ராத்திரி படிச்சேன். 1854, ஜப்பான்ல வகயாமா பக்கம் ஹிரோன்னு ஒரு கடலோர கிராமம். ஹமாகுச்சி கொர்யோன்னு ஒருத்தரு, சோயா சாஸ் வியாபாரம் பண்ற குடும்பம். பெரிய நிலநடுக்கம், அப்புறம் அலை, பொழுது வேற சாஞ்சிடுச்சு, ஜனங்களுக்கு எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல. இவரு அறுத்து வயல்ல குவிச்சுப் போட்டிருந்த நெல்லுக்கதிர்ப் போருக்கு ஒண்ணு ஒண்ணா தீ வெச்சுட்டாரு. அந்த வெளிச்சத்தைப் புடிச்சுக்கிட்டே மேட்டுல இருக்கற கோயிலுக்கு ஏறித் தப்பிச்சிருக்காங்க. போருக்கு தீ வைக்கறதுன்னா என்னன்னு நமக்குத் தெரியும், உங்க அப்பா போர்ல நெருப்புப் புடிச்ச வருஷம் மூணு நாள் வாய்ல சோறு வெக்காம திண்ணைலயே உக்காந்திருந்தாரே. இவரு தானா வெச்சிருக்காரு. அதோட விடல, ஊரை விட்டுப் போகப் பாத்த ஜனங்களுக்கே கூலி குடுத்து, சொந்தக் காசுல அஞ்சு மீட்டர் உயரத்துக்கு அறுநூறு மீட்டர் நீளத்துக்குக் கரை கட்டினாரு. 1946ல திரும்ப சுனாமி வந்தப்ப அந்தக் கரைதான் ஊரோட பெரும்பகுதியைக் காப்பாத்துச்சு.

இதுல ஒரு கூத்து கேளு. நவம்பர் 5ங்கறது அவங்களோட பழைய பஞ்சாங்கத்துப்படி. நம்ம இங்கிலீஷ் காலண்டர்ல அது டிசம்பர் 24. என் வகுப்புப் பொண்ணு சொன்னதுக்கும் அதுக்கும் ரெண்டே நாள்தான் வித்தியாசம். 2015ல அத்தனை நாடு கூடி உக்காந்து முடிவு பண்ணின தேதியை விட அவ கிட்டத்துல இருந்தா.

மறுநாள் பிரேயர்ல இந்தக் கதையைச் சொன்னேன். மூணு நிமிஷத்துக்கு மேல போயிடுச்சு, ஹெச்.எம். வாட்சைப் பாத்தாங்க. முடிஞ்சதும் அவதான் கை தூக்கினா. "எரிச்ச நெல்லுக்கு நிவாரணம் குடுத்தாங்களா சார்?"

சிரிச்சேன், ஆனா நாள் பூரா அது மண்டைக்குள்ளயே ஓடுச்சு. 2004ல இந்த மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணி பூரா வெளியூர் ஜனம், கடல் உள்வாங்கினப்ப வேடிக்கை பாக்க இறங்கிப் போனவங்களே எத்தனை பேரு. எந்தப் பக்கம் ஓடணும்னு காட்ட இங்க எந்தப் போரும் எரியல. உனக்கு நான் இதைப் பத்தி எழுதினதே இல்ல, நீயும் கேட்டதில்ல. அப்ப நான் கடலோர ஸ்கூல்ல இருந்தேன். அரையாண்டு லீவு, அப்புறம் ஸ்கூலே முகாம் ஆயிடுச்சு, திரும்ப வகுப்பு ஆரம்பிச்சப்ப ரிஜிஸ்டரை விரிச்சு வருகை எடுக்கறேன், பழக்கதோஷத்துல வரிசையா பேர் கூப்பிட்டுட்டே போறேன். ஒரு பேருக்கு சத்தம் வரல. நிமிர்ந்து பாக்காமயே திரும்பக் கூப்பிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தவன் "சார், அவன்"னு ஆரம்பிச்சு நிறுத்திட்டான். அப்புறம் அந்தப் பேர்களை சிவப்பு மையால அடிக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க, என்னால முடியல, வேற டீச்சர்தான் அடிச்சுக் குடுத்தாங்க.

அடுத்த மாசம் வந்தா 21 வருஷம். எப்பவும் 26 காலைல தனியாதான் கடற்கரைக்குப் போவேன், இந்தத் தடவை அந்தப் பொண்ணு "எங்க தெருப்பக்கம் வாங்க சார்"னு கூப்பிட்டிருக்கா. நீயும் வாயேன். 25 ராத்திரியே கிளம்பி வந்துடு, ட்ரெயின்ல தூங்கி நாகூர் வரைக்கும் போயிடாத, உன் தூக்கம் எனக்குத் தெரியும். ஊசி, மாத்திரை எல்லாம் மறக்காம எடுத்துக்க, போன தடவை மாதிரி ராத்திரி பத்து மணிக்கு மெடிக்கல் தேடி அலைய வெக்காத. காபி சர்க்கரை இல்லாமத்தான் கிடைக்கும், அதுக்கு வீட்டுல இப்பவே உத்தரவு.

நாளைக்கு அரசியலமைப்பு நாளு, பசங்களுக்கு முகப்புரை வாசிச்சுக் காட்டணும், போர்டு இன்னும் எழுதல. விடிஞ்சதும் ரோஜாப்பூ அனுப்பின, பிளாக் பண்ணிடுவேன்.

உன்,
கடைசி பெஞ்ச் கூட்டாளி