நார் எடுத்துப் பிசைந்த கிழங்கு

அம்மா,

நாளை உனக்குத் தலைத்திவசம். சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

சின்னவள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பெரியவனுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பிசைந்துகொண்டிருந்தாய். உனக்கு 51 வயது. "எல்லாம் நின்றுவிட்டது. இனி இந்த உடம்பு எதற்கடி?" என்றாய். "ஆதிகாலத்தில் பெண்கள் யாரும் அந்த வயதுவரை இருந்ததில்லை அம்மா. பிள்ளை பெற்று முடித்தால் இயற்கைக்கு வேலை முடிந்தது" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. கிழங்கிலிருந்து நாரை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாயை ஊட்டினாய்.

நான் சொன்னது தப்பு. தூக்கமில்லாத நாட்கள், மறுநாள் தரவேண்டிய கட்டுரை என்று காரணம் சொல்லலாம். ஆனால் தான்சானியாவின் ஏயாசி ஏரிப் பக்கம் வேட்டையாடியும் காட்டில் உணவு தேடியும் வாழும் ஹட்சா மக்களிடம் மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் கண்டது 1997இலேயே அச்சாகியிருந்தது. நான் தேடவில்லை. அங்கே சராசரி ஆயுள் 35கூட இல்லை. பிஞ்சிலேயே பல குழந்தைகள் போய்விடுவதால் வரும் கணக்கு அது. 45ஐத் தொட்ட பெண் இன்னும் 20 ஆண்டுபோல வாழ்கிறாள். அந்தப் பாட்டிகள் குச்சியால் கெட்டித் தரையைக் கிளறிக் கிழங்கு தோண்டுகிறார்கள். மகள் கைக்குழந்தையோடு இருக்கும்போது, பால் மறந்த மூத்த பிள்ளையின் எடை ஏறுவது பாட்டியின் உழைப்பைப் பொறுத்திருந்தது.

படித்ததும் பெரியவனைத்தான் நினைத்தேன். மாதவிடாய் நின்ற பிறகும் பெண் நெடுங்காலம் வாழ்வது இந்த உழைப்பால் வந்தது என்கிறார் ஹாக்ஸ். மறுப்பவர்களும் உண்டு, அதையும் என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயெடுத்த போதெல்லாம் நீதான் பேச்சை மாற்றினாய்.

நின்றதற்கு அப்படி ஏங்கிய நீதான், எனக்கு அது வந்த மூன்று நாளும் தனித் தட்டோடு கொல்லைப்புற அறையில் உட்காரவைத்தாய். பாலூட்டிகளில் மிகச் சிலவற்றுக்கே மாதவிடாய் உண்டு: மனிதர், குரங்கினத்தில் பல, சில வௌவால்கள், யானை மூஞ்சூறு, முள் சுண்டெலி ஒன்று. கரு வருமுன்பே கருப்பை தன் உள்சுவரைத் தடிப்பாக்கிக் காத்திருக்கிறது, வராவிட்டால் உதிர்க்கிறது. இதில் தீட்டு எங்கே இருக்கிறது? யார் சொல்லி என்னை அங்கே அனுப்பினாய் என்பதை இங்கே எழுதவில்லை. சொந்தக்காரர்கள் படிப்பார்கள். உனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் தள்ளிப்போட்ட பாட்டி அத்தியாயத்தை நேற்று பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். நாளை இலையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு உண்டு. நார் எடுத்துத் தானே பிசைகிறேன் என்கிறான் பெரியவன்.