உன் வீட்டில் ஒரு டிஸ்க்குக்கு இடம் வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "ஐயோ அம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நம் பழைய போட்டோ எல்லாம் இருந்த டிஸ்க்கை நானே அழித்துவிட்டேன். பதறாதே, பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. நடந்தது என்ன என்று சொல்லிவிட்டு உன்னிடம் ஓர் உதவி கேட்கவேண்டும்.

நீ விட்டுப்போன லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தது இல்லையா. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டது. 11-க்கு மாற்றலாம் என்று பார்த்தால், ப்ராசஸர் பழசு, தகுதி இல்லை என்றது. திரை இன்னும் பளிச்சென்று இருக்கிறது, கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. தூக்கிப்போட மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க ஒரு மாலை முழுக்கப் போனது, மற்றபடி பெரிய சிரமம் இல்லை. இந்தக் கடிதமும் அதில் அடித்ததுதான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பை இறக்கித் தூசி தட்டி, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டு, படங்களைச் சேர்த்துவைக்கும் சர்வராக்கினேன். மவுஸ் இல்லை, படம் இல்லை, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். முதல் தடவை கடவுச்சொல் கேட்டபோது தட்டுகிறேன், தட்டுகிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று கழற்றி மாட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்களாம். இப்போது அந்தப் பெட்டியில் மானிட்டரே கிடையாது. லேப்டாப்பில் இருந்தபடியே அதற்குக் கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் உள்ளே போகிறேன்.

முப்பது வருடம் கணக்கு எழுதிய கை ஆயிற்றே, இதற்கும் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் நான் அடித்த கட்டளை, வலப்பக்கம் அதற்கு வந்த பதில். கடைசியில் அந்த நோட்டுதான் என்னைக் கவிழ்த்தது.

வேறொரு லினக்ஸைப் போட்டுப் பார்க்கும் ஆசையில் அதைப் பென்டிரைவில் எழுத டிடி என்ற கட்டளையை எடுத்தேன். எதிலிருந்து, எதற்கு என்று இரண்டே விவரம் கொடுத்தால் போதும். உறுதியா என்று ஒரு வார்த்தை கேட்காது. முந்தின நாள் பென்டிரைவின் பெயர் எஸ்டிபி என்று நோட்டில் குறித்திருந்தேன். மறுநாள் மெஷினை அணைத்துப் போட்டபோது போட்டோ டிஸ்க்கும் செருகியிருந்தது. இந்தப் பெயர்கள் நிலையானவை இல்லை, கண்ணில் படுகிற வரிசையில் லினக்ஸ் கொடுப்பவை. அன்றைக்கு எஸ்டிபி போட்டோ டிஸ்க்காகிவிட்டது. நான் நோட்டைப் பார்த்து அப்படியே அடித்து என்டரைத் தட்டினேன். பென்டிரைவின் விளக்கு சிமிட்டவில்லை. பக்கத்தில் இருந்த டிஸ்க்தான் கிர்ரென்று ஓடியது. எனக்கு விளங்க அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

போன் போட்டோக்கள் ஏற்கெனவே சர்வருக்குப் போயிருந்தன. பழைய கேமரா படங்களும் ஸ்கேன் செய்தவையும் மட்டும் அந்த ஒரு டிஸ்க்கில்தான். நாளைக்கு ஏற்றலாம், நாளைக்கு ஏற்றலாம் என்று இரண்டு மாதம் தள்ளியிருந்தேன்.

ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் எதையும் எழுதவிடவில்லை. போட்டோரெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். டிடி அழித்தது டிஸ்க்கின் முன்பகுதியை மட்டும். எந்தப் படம் எங்கே என்று சொல்லும் அட்டவணை போய்விட்டது, ஆனால் பின்னால் இருந்த படங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. ஒவ்வொரு ஜேபெக் படமும் எஃப்எஃப் டி8 என்ற குறியோடுதான் தொடங்கும். போட்டோரெக் முழு டிஸ்க்கையும் அந்த மாதிரிக் குறிகளைத் தேடித் துழாவி, கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் கொட்டும். ராத்திரி முழுக்க ஓடியது. நானும் தூங்கவில்லை.

படம் வந்தது, பெயர் வரவில்லை. எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும். கேமராவில் எடுத்தவற்றுக்குள் தேதி பதிந்திருக்கும் என்பதால் அவை தானாக வரிசைக்கு வந்துவிட்டன. ஸ்கேன் செய்தவற்றில் ஸ்கேன் செய்த நாள்கூட இல்லை. சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக நிற்கின்றன. நீ முதல் நாள் பள்ளிக்குப் போன படம் வரவே இல்லை. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் இத்தனை நாள் போனது.

மீண்டவற்றை எல்லாம் சர்வரில் இம்மிச் என்ற போட்டோ மென்பொருளில் ஏற்றிவிட்டேன். முகம் பார்த்து ஆளைப் பிரிக்கும் வேலையை அது நம் வீட்டுப் பெட்டியிலேயே செய்கிறது, படம் வெளியே எங்கும் போவதில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, இருபத்து நான்கு வயது என்னையும் இப்போதைய உன்னையும் ஒரே ஆள் என்று சேர்த்துவைத்திருக்கிறது. பிரித்துவிட வழி இருக்கிறது. நான் இன்னும் பிரிக்கவில்லை.

க்ளவுடிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். டிஸ்க், மின்சாரம் எல்லாம் கூட்டிப்பார்த்தால் இதில் பெரிய மிச்சம் இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் வீட்டுக்கு இழுக்கும் எண்ணமும் இல்லை. மின்னஞ்சலைத் தொடமாட்டேன். வீட்டு இணைப்பிலிருந்து அனுப்பினால் பாதிக் கடிதம் ஸ்பாமுக்குப் போய்விடும்.

சரி, உதவிக்கு வருகிறேன். எதுவும் தொலையாமல் இருக்க மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். என்னிடம் வேறு இடம் கிடையாது. உன்னிடம் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதோடு ஒரு டிஸ்க். ரவுட்டர் பக்கத்தில் ஓரமாக இருக்கும், சத்தம் போடாது. வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் வழி எதுவும் திறக்கவேண்டாம், இரண்டு வீட்டையும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் இணைத்துவிடும். தினம் இரவு இரண்டு மணிக்கு ரெஸ்டிக் என்ற பிரதி எடுக்கும் மென்பொருள் அன்றைக்குப் புதிதாக வந்ததை மட்டும் அனுப்பும். முதல் பிரதியை இங்கேயே எடுத்து டிஸ்க்கைத் தயாராக வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது கைப்பையில் போட்டு எடுத்துப்போ. இணையம் வழியாக அனுப்பினால் நாள்கணக்கில் ஓடும்.

ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டியே வைக்கும். யாராவது டிஸ்க்கைத் தூக்கிப்போனாலும் ஒரு படம் திறக்காது. கடவுச்சொல் தொலைந்தால் நமக்கும் திறக்காது. அது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. போனில் சொல்லமாட்டேன், நேரில் எழுதித் தருகிறேன். மாதம் ஒருமுறை பத்துப் படத்தை உன் டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுத்துப் பார்ப்பேன். டிரயல் பேலன்ஸ் போட்டுச் சரிபார்க்காத கணக்கை நான் நம்புவதில்லை.

நீ இப்போதைக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். ரவுட்டருக்குப் பின்னால் கேபிள் செருக ஒரு துளை காலியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: எஃப்0734208 என்ற படத்தைத் தனியாக அனுப்புகிறேன். ஊஞ்சலில் உன் பக்கத்தில் இருக்கும் ரெட்டைச் சடைப் பெண் யார்? அது தெரிந்தால் கூட இருக்கும் ஒன்பது படங்களுக்கு வருடம் போட்டுவிடுவேன்.