ஆங்கில ஆசிரியர்களுக்கு இணையவழி ஆதரவுக் குழு அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள்,
அரசு மற்றும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள்,
தாளவாடி ஒன்றியம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்,
சென்னை – 600 006.

பொருள்: மலைப்பகுதி ஆங்கில ஆசிரியர்களுக்கு இணையவழி ஆதரவுக் குழு அமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தாளவாடிப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் இடைநிலை, பட்டதாரி ஆசிரியர்கள் நாங்கள். எங்களில் பலருக்குப் பாடத்தில் ஒரு சந்தேகம் வந்தால் பள்ளியில் கேட்பதற்கு இன்னொரு ஆங்கில ஆசிரியர் கிடையாது. சமவெளியில் நடக்கும் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற வேண்டும். போய்வருவதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் கற்று வந்ததை வகுப்பில் செய்து பார்க்கும்போதுதான் கேள்விகளே எழுகின்றன. அப்போது பயிற்சி தந்த கருத்தாளர் பக்கத்தில் இருப்பதில்லை.

எங்கள் கேள்விகள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒன்றைச் சொல்கிறோம். பல்லிக்கு வரும் முதல் ஒலி வேறு, பல்புக்கு வரும் முதல் ஒலி வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான். ஆங்கிலச் சொல்லின் மேலே தமிழில் எழுதிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு அங்கேயே தொலைந்துவிடுகிறது. இங்குள்ள பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது கன்னடம். கன்னடத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. வீட்டிலிருந்தே அவர்கள் கொண்டுவரும் இந்தப் பலத்தை ஆங்கில வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது? எங்கள் வகுப்புகளுக்கு மிகவும் தேவையான இதைச் சேர்ந்து பேச இடமில்லை.

வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றனவே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவை சுற்றறிக்கைகளாலும் எமிஸ் என்னும் கல்வித் துறைத் தகவல் தளத்தில் பதிவேற்றச் சொல்லும் நினைவூட்டல்களாலும் நிரம்பியவை. அலுவலர்களும் இருக்கும் குழுவில், "இந்தப் பாடத்தை எப்படி நடத்துவதென்று புரியவில்லை" என்று எந்த ஆசிரியரும் எழுதமாட்டார். எங்களில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலம் எழுத வரும், சரளமாகப் பேசத் தயக்கம். தட்டுத் தடுமாறிப் பேசினாலும் யாரும் குறித்துவைக்காத ஓர் இடம் இருந்தால்தான் அது நீங்கும்.

ஆகவே 25 முதல் 30 பேர் கொண்ட தனிக்குழு ஒன்றை எங்கள் ஒன்றியத்தில் முதலில் அமைத்துத் தர வேண்டுகிறோம். அனுபவமுள்ள ஓர் ஆங்கில ஆசிரியரே அதை நடத்தட்டும். நிர்வாகச் செய்தி எதுவும் அதில் வரக்கூடாது, அலுவலர்களும் உறுப்பினராக வேண்டாம். இதுதான் எங்கள் முதன்மைக் கோரிக்கை. இது இல்லாவிட்டால் மற்றொரு குழுவாகத்தான் அதுவும் ஆகும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் காணொலியில் சந்திக்கலாம். அந்த நேரத்தைக் குறுவள மையத்தில் (அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் பயிற்சி மையம்) நடக்கும் பயிற்சி நேரத்தில் கழித்துக்கொள்ள ஆணையிட வேண்டும். இரவு நேரக் கூடுதல் வேலையாக மாறினால் பெண் ஆசிரியர்கள்தான் முதலில் விலக நேரும். மலையில் சிக்னல் சீராக இருப்பதில்லை என்பதால் உரையாடலின் சாரம் சிறிய ஒலிப்பதிவாகவும் கிடைக்க வேண்டும். கூட்டம் நடந்ததற்குச் சான்றாகப் புகைப்படமோ கூகுள் படிவமோ கேட்க வேண்டாம். பிள்ளைகளின் படமும் குரலும் பெற்றோர் சம்மதமின்றிக் குழுவில் பகிரப்படக்கூடாது என்பதையும் விதியாகவே வைக்கலாம்.

வழிகாட்ட ஆட்கள் இல்லாமல் இல்லை. தென்மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே பெங்களூருவில் 1963 முதல் மண்டல ஆங்கில நிறுவனம் இயங்குகிறது. எங்களுக்குச் சென்னையைவிட அது பக்கம், கன்னடம் அறிந்த கருத்தாளர்களும் அங்கிருந்து கிடைப்பார்கள். சென்னையில் 1974-இல் தொடங்கப்பட்ட இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கமும் இருக்கிறது. இரண்டிடமும் தங்கள் நிறுவனம் எழுதிக் கேட்டால் மாதம் ஒரு வல்லுநரையாவது குழுவில் பேசவைக்க முடியும்.

வரும் கல்வியாண்டின் ஜூன் மாதத்திலேயே இதைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கையொப்பங்களைத் தனித்தாளில் இணைத்துள்ளோம்.

நன்றி.

இடம்: தாளவாடி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாளவாடி ஒன்றிய ஆங்கில ஆசிரியர்கள்