'வாங்க, வீடியோக்குள்ள போகலாம்' என்பதற்கு முன்னால்

யூடியூபில் செய்முறை வீடியோ போடும் நண்பர்களுக்கு,

உங்கள் வீடியோக்களின் முதல் ஒன்றரை நிமிடத்தை எங்களில் பலர் பார்ப்பதே இல்லை. வீடியோ ஓடத் தொடங்கியதும் திரையின் வலது பக்கத்தில் இரண்டு தட்டு; பத்து விநாடி தாண்டும். தட்டிக்கொண்டே இருந்தால் இருபது, முப்பது, நாற்பது. கணினி என்றால் 'எல்' விசை. முகம் மட்டும் தெரிந்தால் இன்னும் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். கையும் கருவியும் தெரிகிற இடத்தில்தான் விரல் நிற்கும். சில நேரம் அவசரத்தில் அதையும் தாண்டிப் போய்விட்டு, இடது பக்கம் தட்டித் திரும்பி வருவோம்.

எதைத் தாண்டுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். "வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தீங்கன்னா சப்ஸ்கிரைப் பண்ணிட்டு, பக்கத்துல இருக்கற பெல் பட்டனையும் அழுத்திடுங்க." பிறகு லோகோ சுழன்று வந்து நிற்கும், கூடவே காதைக் கிழிக்கும் இசை. அப்புறம், இந்த வீடியோவை ஏன் போட வேண்டியதாயிற்று என்ற வரலாறு. கடைசியாக, "சரி, வாங்க, வீடியோக்குள்ள போகலாம்." அப்படியானால் இவ்வளவு நேரம் எங்கே இருந்தோம்?

வணக்கம் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு இரண்டு விநாடி போதும். என் குறை வேறு: நாங்கள் பார்த்தே ஆக வேண்டிய விஷயங்களையும் அந்தப் பீடிகைக்குள்ளேயே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள்.

சைக்கிள் பெடலைக் கழற்றத் தெரியாமல் தேடி வருகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வலது பெடல் வழக்கம்போலக் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். அதைக் கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத் திருப்ப வேண்டும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வந்தவருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கை முழுக்க கிரீஸ், போன் தரையில் சாய்த்து வைத்திருக்கிறது. இடது பெடலை வழக்கமான திசையில் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் கழலாது, மேலும் இறுகும். நீங்கள் இதைச் சொல்லாமல் விடவில்லை. பெல் பட்டனுக்கும் ஸ்பான்சர் விளம்பரத்துக்கும் நடுவில், "லெஃப்ட் சைடு மட்டும் உல்டா, ஞாபகம் வெச்சுக்கங்க" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது. கிரீஸ் திரையில் அப்பியதுதான் மிச்சம்.

பெடலோடு போனால் பரவாயில்லை. "முதல்ல மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க" என்பதும் அங்கேதான் இருக்கிறது. "இதைச் செய்யறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கங்க" என்பதும், "இது விண்டோஸ் 11-க்கு மட்டும்தான்" என்பதும் அங்கேதான். நான்காம் நிமிடத்தில் வந்து சேர்ந்தவருக்கு இது எதுவும் தெரியாது. ஆரம்பம் என்றாலே வெற்றுப் பேச்சு என்று எங்களைப் பழக்கியது நீங்கள்தான். பழகிய பிறகு, "முழுசா பார்க்காம செஞ்சா நான் பொறுப்பில்லை" என்று எங்கள் மேல் பழி போடுவது சரியில்லை.

இந்த நீட்டலுக்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை என்பதும் தெரியும். 2012-இல் யூடியூப் பார்வை எண்ணிக்கையை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்க ஆரம்பித்தது. நடுவில் விளம்பரம் வர வேண்டுமானால் வீடியோ பத்து நிமிடம் இருக்க வேண்டும் என்று இருந்ததை 2020 ஜூலையில் எட்டு நிமிடமாகக் குறைத்தார்கள். இரண்டு நிமிட விஷயம் எட்டு நிமிடம் சொச்சத்துக்கு இழுபடுவதன் ரகசியம் இதுதான். வருமானம் முக்கியம், மறுக்கவில்லை. நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பின்பக்கமாக நீட்டுங்களேன். வேலை முடிந்த நிம்மதியில் இருக்கிறவர் உங்கள் கதையைக் கேட்பார். வேலை பாதியில் நிற்கிறவர் கேட்க மாட்டார்.

'கடைசியில் ஒரு முக்கியமான டிப்ஸ் இருக்கு, ஸ்கிப் பண்ணாம பாருங்க' என்ற வேண்டுகோளையும் விட்டுவிடுங்கள். அதைக் கேட்டதும் நாங்கள் நேராகக் கடைசிக்குத்தான் போகிறோம்.

தாண்டுவது எங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்தால், நெட்ஃபிளிக்ஸைப் பாருங்கள். 2017-இல் 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தானைக் கொண்டுவந்தார்கள். சாதாரணமான ஒரு நாளில் அது 13 கோடியே 60 லட்சம் முறை அழுத்தப்படுகிறது, அதனால் மிச்சமாகும் நேரத்தைக் கூட்டினால் 195 ஆண்டுகள் என்று 2022-இல் அவர்களே சொன்னார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு அழுத்தலுக்கு முக்கால் நிமிடம். அதுவும் பணத்தைக் கொட்டி, இசையமைத்து எடுத்த டைட்டில்கள்! யூடியூபுக்கு 'ஸ்பான்சர்பிளாக்' என்று, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு இலவச நீட்சி இருக்கிறது. எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை வெட்டிப் பேச்சு என்று பார்வையாளர்களே குறித்து வைக்க, மற்றவர்களுக்கு அது தானாகத் தாண்டிவிடும். அதில் சப்ஸ்கிரைப் நினைவூட்டலுக்கென்றே தனி வகை வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து உங்கள் பெல் பட்டன் வசனத்தை அளந்துகொண்டிருக்கிறார்.

யூடியூபில் ஏறிய முதல் வீடியோ, 2005 ஏப்ரல் 23-இல் வந்தது, மொத்தமே 19 விநாடி. யானைகளுக்கு முன்னால் நின்றபடி ஒருவர் அவற்றின் தும்பிக்கையைப் பற்றிப் பேசிவிட்டு முடித்துக்கொள்கிறார். அவ்வளவு சுருக்கம் வேண்டாம், விஷயத்துக்கு வந்தால் போதும்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் பதினைந்து விநாடிக்குள் மூன்று விஷயம்: வேலை முடிந்தால் எப்படி இருக்கும், எந்த மாடலுக்கு அல்லது வெர்ஷனுக்கு இது பொருந்தும், எதில் கவனமாக இருக்க வேண்டும். அப்புறம் தாராளமாக வணக்கம் சொல்லுங்கள். ஆபத்தான விஷயத்தை ஆரம்பத்தில் ஒரு தடவை, அந்தக் கட்டம் வரும்போது இன்னொரு தடவை சொல்லுங்கள், எழுத்தாகவும் திரையில் போடுங்கள். நடுவிலிருந்து பார்க்கிறவர் எப்போதும் இருப்பார்.

வீடியோவைத் தலைப்பு வைத்து அத்தியாயங்களாகப் பிரிப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வீடியோவுக்குக் கீழே வரும் விளக்கப் பகுதியில் நேரங்களைத் தலைப்போடு வரிசையாக எழுத வேண்டும். முதலாவது 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீள வேண்டும். 'அறிமுகம்', 'தேவையான கருவிகள்', 'இடது பெடல்' என்று போட்டுவிட்டால் யார் எங்கே போக வேண்டுமோ அங்கே போவார்கள். 'எச்சரிக்கை' என்று ஒரு தலைப்பு இருந்தால் நான் அதைத் தட்டிப் பார்ப்பேன். ஒன்றுமே குறிக்காத ஒன்றரை நிமிடத்தைத்தான் பார்க்க மாட்டேன்.

பயணம், நேர்காணல், கதை சொல்லல் செய்கிறவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். அங்கே நிதானமான ஆரம்பமே சுகமாக இருக்கலாம். பிடித்தவர் உட்கார்ந்து பார்ப்பார்.

ஏற்கெனவே போட்டுவிட்ட வீடியோக்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். திரும்ப எடுக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டூடியோவில் உள்ள எடிட்டரில் முன்பகுதியை வெட்டிச் சேமிக்கலாம். இணைப்பு மாறாது, பார்வை எண்ணிக்கையும் போகாது. வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு தடவை அந்தப் பகுதியை முழுசாகக் கேட்டுப் பாருங்கள், உள்ளே ஏதாவது எச்சரிக்கை மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பார்வையாளர்