செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே நேரே தரங்கம்பாடிப் பயணத்துக்கு வருகிறேன். இவ்வாண்டு நாம் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான்.

பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் டேனிஷ் கோட்டையைப் பார்க்கத்தான் வந்தார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கடலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்பதில் நம்மவர்கள் காட்டிய ஆர்வத்தில் பாதியைக்கூட அங்குள்ள கண்ணாடிப் பெட்டிகளிடம் காட்டவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எல்லோரும் நின்று நிதானமாகப் பார்த்தது சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைத்தான். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் அவர். வீடு இப்போது அருங்காட்சியகம். தமிழ் நூல்களை அச்சிட அவர் இங்கே அச்சகம் வைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் மிகவும் பெரியவை, காகிதமோ தட்டுப்பாடு. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள் என்று சொல்வார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது.

அச்சு இயந்திரத்தின் முன்னால் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் நகரவே இல்லை. அச்சுக்கோப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது உள்ளங்கையையே எழுத்து அடுக்கும் கோப்புச் சட்டமாகப் பாவித்து, எழுத்தைத் தலைகீழாகப் பிடித்து இடமிருந்து வலமாக அடுக்குவதையும், வரி நிறையாவிட்டால் இடையில் ஈயத் துண்டு செருகுவதையும் வெறும் விரல்களால் செய்து காட்டினார். வேறு ஊரிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள்கூடச் சுற்றி நின்றுகொண்டார்கள். இத்தனை ஆண்டுகளாக அவரை நம் கூட்டங்களில் நன்றியுரை சொல்ல மட்டுமே அழைத்திருக்கிறோம்!

கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலை அந்தி நேரத்தில்தான் பார்க்க முடிந்தது. மதிய உணவு தாமதமானது பற்றி வந்த கடிதங்கள் செயற்குழுவின் பரிசீலனையில் உள்ளன.

அந்த உறுப்பினர் தம் தொழில் நினைவுகளைச் சொல்ல இசைந்திருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கவும், நம் ஊரில் மூடிக் கிடக்கும் அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போகும் முன் கேட்டுப் பெறவும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்